கூட்டத்தின் நடுவே ஒரு முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் சினிமாவின் தலைசிறந்த படங்கள் எவை என்று பேச அழைத்திருக்கிறார்கள். பத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. எதை வைத்து ஒரு படத்தை மேலே வைக்கிறோம் என்று சொல்லாமல் வரிசையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அளவுகோல் இதுதான்: ஒரு பக்கம் பெருங்கூட்டம், மறுபக்கம் தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒரு மனிதர். அந்த நேரத்தில் காமிரா யார் பக்கத்தில் போய் நிற்கிறது?

அப்படிப் பார்த்தால் என் முதலிடம் ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்துக்கு. அவருடைய முதல் பேசும்படம் அது. தொடக்கத்திலேயே பெர்லின் குடியிருப்பு ஒன்றில் ஒரு தாய், பள்ளிவிட்டு வரும் மகளுக்காகச் சாப்பாட்டு மேசையில் தட்டு எடுத்து வைக்கிறாள். நேரம் போகிறது. மாடிப்படியில் எட்டிப் பார்த்து "எல்ஸி!" என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரல் கேட்கக் கேட்க, ஆளில்லாத படிக்கட்டு தெரிகிறது. பிறகு துணி காயும் பரண், காலியான தட்டு. அடுத்து, புதர் மறைவிலிருந்து ஒரு பந்து புல்லில் உருண்டு வந்து நிற்கிறது. அந்தக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த பலூன் தந்திக் கம்பிகளில் சிக்கித் துடிக்கிறது. கொலையை லாங் காட்டவே இல்லை. அந்தக் காலித் தட்டை என்னால் மறக்க முடியவில்லை.

வானொலியில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது இன்னொரு வகையிலும் பொருத்தம். கொலைகாரனைக் கண்டுபிடிப்பது கண் அல்ல, காது. அவன் சீழ்க்கையடிக்கும் மெட்டைக் கேட்டுத்தான் பார்வையற்ற பலூன் வியாபாரி அவனை அடையாளம் காண்கிறார். நகரத்துத் திருடர்களும் பிச்சைக்காரர்களும் அவனை வளைத்துப் பிடித்து, கைவிடப்பட்ட சாராய ஆலையில் தாங்களே நீதிமன்றம் நடத்துகிறார்கள். தலைமை தாங்குகிறவனோ மூன்று கொலைகளுக்காகப் போலீஸ் தேடுகிற ஆள். சுற்றிலும் "கொல்லுங்கள்" என்ற கூச்சல். அப்போது லாங் காமிராவைக் கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரேயின் முகத்துக்கு நேராக வைக்கிறார். தன்னைத் துரத்துவது தானேதான் என்று அவன் கதறுகிறான். நாம் அவனை மன்னிக்கவில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் கண்ணீரையும் படம் மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கூச்சலோடு நம் குரலையும் சேர்க்க முடியாமல் போகிறது. இரண்டே ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். லாங், லோரே இருவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1940இல் யூதர்களுக்கு எதிராக வந்த நாஜிப் பிரசாரப் படம் ஒன்றில், லோரே கதறும் அதே காட்சியை வெட்டி ஒட்டினார்கள். லோரே யூதர் என்பதுதான் காரணம். ஒரு மனிதனின் கதறலைக் கேட்கச் சொன்ன காட்சியை ஓர் இனத்தின் மீதே வெறுப்பைத் தூண்டத் திருப்பினார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஆகவேதான், 1934ஆம் ஆண்டு நாஜிக் கட்சியின் நியூரம்பெர்க் மாநாட்டைப் படமாக்கிய லெனி ரீஃபென்ஸ்டாலுக்கு என் வரிசையில் இடம் கிடையாது. தொழில்நுட்பம் அபாரம் என்பார்கள். இருக்கட்டும். அங்கே கூட்டமே தெய்வம், தலைவனைத் தவிர எவருக்கும் முகம் இல்லை. லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படத்தையும் நான் முதல் வரிசையில் வைப்பதில்லை. தொலைந்த காட்சிகள் 2008இல் புவனோஸ் அயர்ஸில் கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் தலை குனிந்து அணி அணியாக நடக்கும் அந்தத் தொழிலாளர்களில் ஒருவரையாவது நாம் நெருங்கி அறிந்தோமா?

முர்னாவ் 1924இல் எடுத்த 'கடைசி மனிதன்' வேறு ரகம். பெரிய ஹோட்டல் வாசலில் ஜரிகைக் கோட்டுடன் நிற்கும் வயதான காவலாளி, முதுமை காரணமாகக் கழிப்பறை வேலைக்கு இறக்கப்படுகிறார். கோட்டைக் கழற்றும்போது ஒரு பொத்தான் அறுந்து விழுகிறது. அந்த ஒரு பொத்தானில் ஒரு மனிதரின் மானமே போகிறது. நேற்றுவரை வணக்கம் வைத்த அக்கம்பக்கத்தார் விஷயம் தெரிந்ததும் சிரிக்கிறார்கள். மௌனப் படத்தில் அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது. வசன அட்டைகளையே நம்பாமல், எமில் யானிங்ஸின் குனிந்த முதுகை வைத்தே கதை சொல்லிவிட்டார் முர்னாவ்.

அரை நூற்றாண்டு கழித்து, 1974இல், ஃபாஸ்பிண்டர் 'பயம் ஆன்மாவைத் தின்னும்' படத்தில் அதே பார்வையை மியூனிக்கில் காட்டினார். துப்புரவு வேலை செய்யும் முதிய விதவை எம்மி, தன்னைவிட வயதில் மிகவும் இளையவரான மொராக்கோ தொழிலாளி அலியை மணக்கிறாள். திறந்தவெளி உணவகத்தில் மஞ்சள் நாற்காலிகளுக்கு நடுவே இருவர் மட்டும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தள்ளி நின்று உணவகத்தார் முறைத்துப் பார்க்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை, எம்மி உடைந்து அழுகிறாள். படத்தின் தலைப்பு அலியின் உடைந்த ஜெர்மனிலிருந்து வந்தது.

கிழக்கு ஜெர்மனியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அது நியாயமல்ல. ஃப்ராங்க் பையர் 1966இல் எடுத்த 'கற்களின் தடம்' படத்துக்கு ஆளுங்கட்சி தன் ஆட்களையே திரையரங்குக்கு அனுப்பிக் கூச்சல் போட வைத்தது. சில நாட்களில் படத்தை எடுத்துவிட்டார்கள். மீண்டும் திரைக்கு வர 1989 ஆனது.

கடைசியாக, விம் வெண்டர்ஸ் 1987இல் தந்த 'பெர்லின் மீதான வானம்'. நூலகத்திலும் ரயிலிலும் தேவதூதர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து அவர் மனத்தில் ஓடுவதைக் கேட்கிறார்கள். அங்கே கூட்டம் என்று ஒன்று இல்லை, ஒவ்வொருவராகத்தான் மனிதர்கள். நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் மதிலோரப் புதர்வெளியில் ஒரு கிழவர் போட்ஸ்டாம் சதுக்கத்தைத் தேடி அலைகிறார். இங்கேதானே காபிக்கடை இருந்தது என்கிறார். திடீரென்று எங்கும் கொடிகள் தொங்கின, அதன் பிறகு ஜனங்கள் சிநேகமாக இல்லை என்று நினைத்துப் பார்க்கிறார். அவராக நடித்த கர்ட் போய்ஸ், நாஜிகள் காலத்தில் பெர்லினை விட்டுப் போய், 1950இல் திரும்பி வந்தவர். களைத்துப்போய், யாரோ போட்டுவிட்டுப் போன பழைய இருக்கையில் உட்காருகிறார். பக்கத்தில் நின்று தேவதூதர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.