பெயர் வெட்டிய தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் பக்கத்தில் ஓர் ஆன்மிகக் குழுவில் 13 வருஷம் இருந்தவள் நான். 1995-இல், 17 வயதில், அம்மாவோடு உள்ளே போனேன். 2008-இல் தனியாக வெளியே வந்தேன். எந்தக் குழு, எந்த மதம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூர் கோட்டை அகழி ஓரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவோம். எல்லோரும் இப்படி எங்கிருந்தாவது வெளியே வந்தவர்கள். ஒரே மதமும் இல்லை, ஒரே குழுவும் இல்லை. ஆனால் ஒருவர் பேச ஆரம்பித்தால் மற்றவர் முடித்துவைப்பார். சாமி பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவ்வளவு ஒன்றாக இருந்தது.

எங்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "படிச்ச பொண்ணாச்சே, எப்படிம்மா ஏமாந்தே?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களைக் கூனிக்குறுக வைக்கும். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் விஷவாயு பரப்பியது. அதைச் செய்தவர்களில் ஒருவர் இதய அறுவை சிகிச்சை மருத்துவர். இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். படிப்பு இதற்குத் தடுப்பூசி இல்லை.

நாங்கள் உள்ளே போனது எப்படி என்று சொல்கிறேன். அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 41 வயதில் இறந்துபோனார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், 16-ஆம் நாள் காரியம் முடிந்ததும் அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் அந்தக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவைத்தார்கள். ஒருத்தர் சோறு வடித்தார். இன்னொருத்தர் அம்மாவை வாசற்படியில் உட்காரவைத்து, இரண்டு வாரமாகச் சிக்குப் பிடித்துக் கிடந்த தலையை எண்ணெய் வைத்து வாரிவிட்டார். சாமி பேச்சே எடுக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். இன்றைக்கும் அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இரண்டு பேரும் மனதாரத்தான் வந்தார்கள். அவர்களும் அப்படி ஏதோ ஒரு சாவுக்குப் பிறகு உள்ளே போனவர்கள்தான்.

ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே போய்விட்டோம். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் அப்பா பெயர் வெட்டியிருக்கும், நம் வீடுகளில் வழக்கம்தானே. குழுவில் எதிலும் யார் பெயரும் இருக்கக் கூடாது, 'எனது' என்ற எண்ணம் போக வேண்டும் என்றார்கள். பாத்திரம் எல்லாம் எடைக்குப் போனது. தராசில் ஏற்றும்போது குடியாத்தத்திலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு தட்டையும் ஒரு சொம்பையும் மட்டும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். தட்டில் அப்பா பெயர். சொம்பு அம்மாவின் சீர்வரிசையில் வந்தது, அதில் அம்மா பெயர்.

உள்ளே யாரும் எங்களை அடித்ததில்லை, பூட்டிவைத்ததும் இல்லை. அதனால்தான் வெளியே சொன்னால் புரியமாட்டேன் என்கிறது. எல்லாவற்றுக்கும் ஐயாவிடம், அதாவது குழுத் தலைவரிடம், கேட்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்குப் போக, கடிதம் எழுத, காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குப் போக. முதலில் பெரிய காரியங்களுக்குக் கேட்டோம். பிறகு சின்னக் காரியங்களுக்கும் கேட்டோம். கடைசியில் கேட்காமல் ஒன்று செய்தால் நெஞ்சு படபடத்தது. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, இரவு பதினொன்றுக்குப் படுத்தோம். தூக்கம் இல்லாதவர்களுக்குச் சந்தேகம் கேட்கத் தெம்பு ஏது?

பகலில் பெண்கள் எல்லோரும் ஊதுபத்தி உருட்டுவோம். கரித்தூளையும் பசைத்தூளையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூங்கில் குச்சியில் பலகைமேல் வைத்து உருட்ட வேண்டும். நான் ஒரு நாளைக்கு 4,000 குச்சி உருட்டுவேன். உள்ளங்கை ரேகை முழுக்கக் கறுப்பு ஏறியிருக்கும், சீயக்காய் போட்டாலும் போகாது. கூலி கிடையாது, அது சேவை. குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அத்தை பின்னாளில் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஆயிரம் பீடி சுத்தினா அதுக்குண்டான கூலி என் கைக்கு வருது. உனுக்கு இன்னாடி வந்துச்சு?"

இரவு படுக்கும் முன்னால் குறை நோட்டு எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டு, ஆளுக்கு ஒன்று. பெயர் எழுதப்பட்ட ஒரே பொருள் அதுதான். அன்றைக்குச் செய்த தவறு, நினைத்த தவறு எல்லாம் எழுதி ஐயாவிடம் கொடுக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று எழுதினால் அது கர்வம். அதனால் தேடித் தேடி எழுதுவோம். "இன்று அப்பாவை நினைத்தேன்" என்று நான் ஒரு குறை எழுதியிருக்கிறேன். பல முறை எழுதியிருக்கிறேன்.

யாராவது கிளம்ப நினைத்தால் அந்த நோட்டு கூட்டத்தில் வாசிக்கப்படும். கிளம்பியவருக்கு 'உதிர்ந்தவர்' என்று பெயர். அந்த வார்த்தை வந்த பிறகு அவர் ஏன் போனார் என்று யாரும் கேட்பதில்லை. உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். சந்தேகத்துக்கு 'வெளிக்காற்று' என்று பெயர். "உனக்கு வெளிக்காற்று பட்டிருக்கிறது" என்றால் பேச்சு அங்கே முடிந்தது.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனச் சிறைகளில் மனமாற்றப் பயிற்சிக்கு ஆளானவர்களை 1950-களில் ஹாங்காங்கில் சந்தித்துப் பேசினார். 1961-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு அடையாளங்களைச் சொன்னார். ஓயாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது அதில் ஒன்று. யோசனையை அப்படியே நிறுத்திவிடுகிற சொந்த வார்த்தைகளை வைத்துக்கொள்வது இன்னொன்று. எங்கள் கோட்டைக் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைத் தமிழில் விளக்கிச் சொன்னார். எனக்குக் கைகால் ஆடிவிட்டது. எங்கள் நோட்டை அந்த அமெரிக்க மருத்துவர் எங்கே பார்த்தார்?

இப்போது சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் இரவு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, இன்னிக்கி நான் ஒரு தப்பும் பண்ணல. இன்னா எழுதட்டும்?" நான் யோசித்து ஒரு தவறைச் சொல்லிக்கொடுத்தேன். "சாப்பாட்டு நேரத்துல அம்மா பக்கத்துல உக்கார ஆசைப்பட்டேன்னு எழுது." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்து, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு நடந்ததை எல்லாம் தாங்கிக்கொண்டேன். நான் செய்ததைத் தாங்க முடியவில்லை. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானாவில், ஜோன்ஸ்டவுன் என்ற மதக் குழுக் குடியிருப்பில், தலைவரின் உத்தரவால் 900-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்களே, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். அதைப் பற்றிக் கேள்விப்படும் போதெல்லாம் எனக்கு அந்தக் குண்டு எழுத்துதான் ஞாபகம் வருகிறது.

கிளம்ப இன்னும் எட்டு மாதம் ஆனது. எங்கே போவது என்பதுதான் கேள்வி. போக ஓர் இடம் இருக்கிறது என்று எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது அத்தையின் அஞ்சலட்டை. உறையில் வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுப் பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள். அத்தை அதைப் புரிந்துகொண்டு, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று கார்டில் எழுதினார். மூன்றாவது வரைக்கும் படித்தவர். குழுவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. திட்டு இருக்காது, 'வந்துவிடு' என்றுகூட இருக்காது. "கண்ணு, முள்ளுக்கத்திரி நல்லா காய்ச்சிருக்குது. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. கெங்கையம்மன் சிரசுக்குச் சரியான கூட்டம். உன் தட்டு பரண் மேலதான் இருக்குது." கடைசி வரி மட்டும் மாறவே மாறாது. ஐயாவும் படித்திருப்பார். கத்தரிக்காயிலும் தட்டிலும் அவருக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை.

இதே காலத்தில் என் மாமா ஒருவர் ஆட்களைக் கூட்டிவந்து வாசலில் நின்று கத்தினார். ஐயாவைத் திட்டினார், எங்களைப் பைத்தியம் என்றார். "வெளியில் இருக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்தீர்களா?" என்று ஐயா அன்றைக்கு இரவே கேட்டார். அம்மா அதற்குப் பிறகு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டார். மாமாவும் பாசத்தில்தான் வந்தார். ஆனாலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்குச் சொல்கிறேன்: வாதம் செய்யாதீர்கள், கெடு வைக்காதீர்கள். கத்தரிக்காயைப் பற்றி எழுதுங்கள்.

வெளியே வந்தபிறகு முதல் ஒரு வருஷம் மிகவும் கஷ்டம். பகல் தூக்கம் போட்டுவிட்டு, பயந்து எழுந்து நோட்டைத் தேடுவேன். தையல் வேலையில் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கப் போனேன். படிவத்தில் வாரிசுதாரர் பெயர் கேட்டிருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அத்தை பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

உதவி இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள். நம் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து மருத்துவம் பார்க்கும் வழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல ஆலோசனைக்கு 14416. சொத்து எழுதி வாங்கியது போன்ற விஷயங்களில் இலவசச் சட்ட உதவிக்கு 15100. குழந்தைகள் உள்ளே இருந்தால் 1098. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவை மதச் சுதந்திரம் என்று சொல்வோம். அதில் மதத்துக்கு முன்னால் வருகிற வார்த்தை மனச்சாட்சி. சேருவதற்கு இருக்கிற அதே உரிமை விலகுவதற்கும் இருக்கிறது. எனக்கு இன்னும் பக்தி உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன், யாரிடமும் கேட்காமல்.

அத்தை போன வருஷம் காலமானார். அவர் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். தட்டில் நான் சாப்பிடுகிறேன். சொம்பை வாரம் ஒரு முறை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி பரணில் வைக்கிறேன். அம்மாவுக்கு மாதம் ஒரு கார்டு போடுகிறேன். இந்த மாதம் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது வானொலி வைத்திருந்தால் அவர் காதில் விழட்டும்.

"அம்மா, நல்ல மழை. பாலாற்றுல தண்ணி ஓடுது. பக்கத்து வீட்டு முருங்கை நம்ம பக்கம் சாஞ்சிடுச்சு. உன் சொம்பு பரண் மேலதான் இருக்குது."

வணக்கம்.