பாஸ்டன் சுவரில் நேபாள எழுத்து

வணக்கம் நேயர்களே.

கிராஃபிட்டி, அதாவது பொதுச் சுவர்களில் பெயின்ட்டால் எழுதும் எழுத்து, எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவது தங்கள் பெயரைத்தான். 1970களில் நியூயார்க் ரயில் பெட்டிகளில் அது பரவிய காலம் முதலே இதுதான் வழக்கம். ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு, அதை எட்டாத உயரத்திலும் ஏற முடியாத இடத்திலும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வெளியாட்கள் வாசிக்கவே முடியாத அளவுக்கு எழுத்தை வளைத்து நெளித்து வைத்திருப்பார்கள். இன்று நான் பேசவிருக்கும் ஸ்னேஹா ஸ்ரேஷ்டா இந்தக் கூட்டத்தில் தொழில் பழகியவர். அவருக்கும் புனைபெயர் உண்டு: இமேஜின். ஆனால் அவர் சுவர் முழுக்க எழுதுவது அந்தப் பெயரை அல்ல. நேபாளப் பிள்ளைகள் முதல் வகுப்பில் எழுதிப் பழகும் தேவநாகரி எழுத்துகளைத்தான் எழுதுகிறார்.

ஸ்னேஹா காத்மாண்டுவில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்புக்காக அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியாவில் உள்ள கெட்டிஸ்பர்க் கல்லூரியில் படித்தார். அப்புறம் பாஸ்டன். அங்கே ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹ்யூமானிட்டி’ என்று ஓர் அமைப்பு 1991 முதல் இயங்குகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் ஓவியம், வடிவமைப்பு வேலைகளில் அமர்த்தி, அதற்குச் சம்பளமும் கொடுக்கிற அமைப்பு அது. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கிற வீட்டுப் பெரியவர்களுக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. ஸ்னேஹா அங்கே பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போனார். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராப் கிப்ஸ், ‘ப்ராப்ளாக்’ என்ற பெயரில் பாஸ்டனில் பெரிய பெரிய சுவரோவியங்கள் தீட்டுபவர். கிராஃபிட்டிக்கு ஸ்னேஹாவை இழுத்தது அவருடைய பழக்கம். சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டு வந்தார் என்று சொல்லலாம்.

கிராஃபிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் எடைபோடுவது கையெழுத்தை வைத்துத்தான். வண்ணம், நிழல், முப்பரிமாணம் எல்லாம் பிறகுதான். கையில் ஒரு மார்க்கரோ ஸ்ப்ரே டப்பாவோ கொடுத்து எழுதச் சொன்னால் கோடு தடுமாறாமல் வருகிறதா? அதுதான் பரீட்சை. ஸ்ப்ரே டப்பா பேனா மாதிரி அல்ல. சுவரைத் தொடவே தொடாது. டப்பாவைச் சுவருக்கு அருகில் கொண்டுபோனால் கோடு மெல்லியதாக, கூராக விழும். தள்ளிப் பிடித்தால் அகலும், ஓரம் மங்கும். ஒரே இடத்தில் ஒரு கணம் கூடுதலாகத் தயங்கினால் பெயின்ட் வழிந்துவிடும். அழிப்பான் கிடையாது. ஆகவே விரலால் அல்ல, தோளிலிருந்து மொத்தக் கையையும் வீசி எழுத வேண்டும். இன்னும் பெரிய எழுத்தென்றால் நடந்துகொண்டே எழுத வேண்டும்.

இந்தக் கையை தேவநாகரிக்குக் கொண்டுவந்ததுதான் ஸ்னேஹா செய்த வேலை. அந்த எழுத்துகள் மேலே ஓடும் ஒரு கோட்டிலிருந்து தொங்குபவை. சரிவாக வெட்டிய நாணல் பேனாவால் எழுதி வந்ததால் ஒரே எழுத்துக்குள் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். ஸ்னேஹா ஓர் எழுத்தை எடுத்து அதையே திரும்பத் திரும்ப எழுதுவார். ஒன்றின்மேல் ஒன்று ஏறும், பக்கத்து எழுத்தோடு பின்னிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் தறியில் ஓடும் துணி மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் தனி எழுத்து பிடிபடும். எதையும் வாசித்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மேல்நாட்டுப் பார்வையாளர்களில் சிலருக்கு தேவநாகரியைக் கண்டாலே மந்திரம் என்று நினைப்பு. கை கூப்பாத குறை. ஸ்னேஹாவின் எழுத்தில் பழைய சமஸ்கிருதச் சுவடிகளின் சாயல் இருப்பது உண்மைதான், அவரும் அதை மறைப்பதில்லை. அதற்காக அந்த எழுத்தில் இருப்பதெல்லாம் வேதமாகிவிடுமா? காத்மாண்டுவில் பஸ் போர்டிலும் பல்பொடி விளம்பரத்திலும் இருப்பது இதே எழுத்துதானே. அந்த அன்றாடப் பழக்கம்தான் அவருடைய பலம் என்பது என் எண்ணம்.

காத்மாண்டுவுக்குச் சுவரில் எழுத்து புதிதல்ல. ஹனுமான் தோகா அரண்மனையின் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பிரதாப மல்லர் என்ற அரசர் 1654ஆம் ஆண்டு வெட்டுவித்தது. காளிகா தேவியைப் போற்றும் பாடல். பதினைந்து மொழிகள் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். மன்னருக்குத் தன் மொழிப் புலமையில் கொஞ்சம் பெருமை அதிகம். நடுவில் திடீரென்று ரோமன் எழுத்தில் ‘ஆட்டோம்ன், விண்டர், லிவேர்’ என்று பருவங்களின் பெயர்கள் வரும். இரண்டு பிரெஞ்சு, ஒன்று ஆங்கிலம்! காளிக்கும் குளிர்காலத்துக்கும் என்ன சம்பந்தமோ. முழுவதையும் வாசிப்பவர் வந்தால் கீழே உள்ள கல் குழாயில் தண்ணீருக்குப் பதில் பால் கொட்டும் என்பது ஊர்ப் பேச்சு. எல்லோரும் பார்க்க வேண்டும், யாருக்கும் முழுதாகப் புரியக் கூடாது. இது கிராஃபிட்டிக்காரரின் ஆசையேதான்.

நம் காலத்துக்கு வந்தால், காத்மாண்டு சுவர்கள் பல வருடங்கள் கட்சிகளின் கையில் இருந்தன. கோஷம், வேட்பாளர் பெயர், மாணவர் சங்கத் தேர்தல். 2011 இறுதியில் சாலை அகலப்படுத்தும் வேலை தொடங்கி, வீடுகளின் முகப்பும் மதிலும் இடிபட்டன. ஊர் முழுக்கப் புழுதி. அந்தச் சமயத்தில்தான் இளம் ஓவியர்கள் சுவர்களைத் தேடி வந்தார்கள். ‘சத்யா’ என்ற கலைக் குழு ‘கலர் காத்மாண்டு’ என்று ஒரு திட்டம் வகுத்தது. நேபாளத்தில் அப்போது 75 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 75 சுவரோவியங்கள் என்பது கணக்கு. மலைக் கிராமத்தின் கதை தலைநகரச் சுவரில் வந்து நின்றது.

ஸ்னேஹா காத்மாண்டுவில் செய்த பெரிய காரியம் சுவரில் இல்லை. 2013இல் அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு கலை அருங்காட்சியகம் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் இடம் அல்ல. பிள்ளைகள் தொட்டு, கலைத்து, ஒட்டிச் செய்து பார்க்கும் இடம். பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வை ‘இரும்புக் கதவு’ என்று சொல்லிப் பழகிய நாடு அது. பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதே படிப்பு என்றிருந்த பிள்ளையிடம், உனக்குப் பிடித்ததைச் செய் என்று களிமண்ணைக் கொடுத்தால் முதலில் திகைக்கத்தான் செய்யும். பிறகு அவர் ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியில் 2017இல் முதுகலை முடித்ததும், அங்குள்ள தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டதும் இதன் தொடர்ச்சிதான்.

பெயரும் வந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய ‘ஹோம் 416’ ஓவியத்தை வாங்கியது. இன்றைய நேபாள ஓவியம் ஒன்று அந்தத் தொகுப்புக்குள் போனது அதுதான் முதல் தடவை. 2024இல் நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகம் தன் கட்டடத்தை மூடுவதற்கு முன் நடத்திய கடைசிக் கண்காட்சியில், இமயமலைப் பகுதியோடு தொடர்புள்ள 32 கலைஞர்களில் ஒருவராக அவரும் இருந்தார். பழைய புத்தர் சிலைகளும், துணியில் தீட்டிய தங்கா எனும் பௌத்த ஓவியங்களும் இருந்த மாடிகளில் இவர்களுடைய புதிய படைப்புகள். சுவரில் எழுதியவரை அருங்காட்சியகம் அழைத்துக்கொண்டால் தெருவோடு உறவு அறுந்துவிடும் என்று ஒரு குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாஸ்டனில் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் சுவர்களும் தூண்களும் ஓவியமாக உள்ள திடல் ஒன்று இருக்கிறது. அங்கே எழுதியவர்களில் இவரும் ஒருவர். வேலைக்குப் போகிறவரும் நாயோடு நடப்பவரும் டிக்கெட் எடுக்காமல் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நேரம் முடியப்போகிறது. காத்மாண்டுவிலேயே இருந்து வரையும் கிரண் மகர்ஜனைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். ‘எச்11235’ என்று எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு, புகைப்படம் போல முகங்களை வரைந்து அதைக் கட்டடத் துண்டுகளோடு கலக்கிறவர் அவர். அவருக்குத் தனியாக ஓர் உரை வேண்டும். வானொலி நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.