உருளைக்கிழங்குத் தோல் ஓவனில் ஏன் மொறுமொறுப்பாக வருவதில்லை? – ஒரு நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனை அடுத்துள்ள டொங்காட்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக அவர் எழுதியிருப்பதைத் தமிழில் படிக்கிறேன். "அக்கா, உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, பாதியாக அறுத்து, ஓடம் போலக் குடைந்து, சீஸ் போட்டு உணவகங்களில் முதலில் கொண்டுவந்து வைப்பார்களே, அதை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனிலேயே செய்ய ஆசைப்பட்டு மூன்று முறை முயன்றேன். முதல் முறை, பிராய் தணல் அடுப்பில் வைப்பதைப் போல அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்டேன். கையில் எடுத்ததும் துவண்டு மடிந்தது. இரண்டாம் முறை உள்ளே இருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன். செருப்புத் தோலைப் போல இழுத்தது. மூன்றாம் முறை தடிமனாக விட்டு, வெண்ணெயில் மிளகாய்த் தூளைக் குழைத்துத் தடவினேன். விளிம்பு கருகியது, நடுவில் சொதசொதவென்று இருந்தது. தவறு எங்கே? தோலைச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதுதானா?"

சகோதரி, மூன்று முறை எப்படி எப்படிச் செய்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. "சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றே எனக்குத் தெரிவதில்லை. உங்கள் மூன்று தோல்விகளும் வெவ்வேறாகத் தோன்றினாலும் மூன்றிலும் சிக்கல் நீரில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். ஓவனை எத்தனை சூட்டில் வைத்தாலும், ஓர் இடத்தில் நீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் நாம் விரும்பும் பொன்னிறமும் வறுத்த மணமும் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் நன்றாகப் பிடிக்கும். பொரிக்கும்போது கொதிக்கும் எண்ணெய் அந்த நீரைச் சில நிமிடங்களில் விரட்டிவிடுகிறது. ஓவனிலோ அந்த வேலையைச் சூடான காற்று மெதுவாகத்தான் செய்யும். ஆகையால் நீர் வெளியேற நாம் வழியும் விட வேண்டும், நேரமும் கொடுக்க வேண்டும்.

தாளில் சுற்றினால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. கிழங்கிலிருந்து கிளம்பும் நீராவி தாளுக்குள்ளேயே நின்று தோலை வேகவைக்கிறது. அது சுட்ட கிழங்கு அன்று, ஆவியில் அவித்த கிழங்கு. பிராய் தணலில் கிழங்கு கரியாகாமல் இருக்கத் தாள் தேவை என்பது உண்மைதான், ஆனால் ஓவனில் அதற்கு வேலை இல்லை. இதில் ஓர் ஆபத்தும் இருப்பதால் சற்று விலகிச் சொல்கிறேன். தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கைச் சுற்றியபடியே மேசையில் மணிக்கணக்காக விட்டுவைக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தைத் தரும் கிருமியின், சூட்டில் சாகாத வித்துகள், காற்றுப் புகாத அந்த ஈரத்தில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள எல் பாசோ நகரில், அப்படி விட்டுவைத்த கிழங்கை ஓர் உணவகத்தில் பிசைந்து பரிமாறியதால் 30 பேர் நோயுற்றார்கள்.

இனி உங்கள் இரண்டாவது முயற்சிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். பெயர் உருளைக்கிழங்குத் தோல் என்று இருப்பதால், தோல்தான் மொறுமொறுப்பாகிறது என்று நினைத்து உள்ளே இருப்பதை முழுவதும் சுரண்டிவிடுகிறோம். உண்மையில் அந்தத் தோல் தக்கையைப் போன்ற மிக மெல்லிய படலம்; தனியே காய்ந்தால் அது இழுவையாகத்தான் இருக்கும். பல்லில் நொறுங்குவது தோலை ஒட்டியிருக்கும் கிழங்குச் சதை. முதல் சூட்டில் அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வெந்து கூழ் போலாகிறது, ஆறும்போது இறுகுகிறது, இரண்டாம் சூட்டில் நெய்யோடு சேர்ந்து காய்ந்து ஓடாகிறது. அந்தச் சதை அரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை நீங்கள் அதைவிட அதிகமாக விட்டிருக்கிறீர்கள், அதனால்தான் நடுவில் ஈரம் நின்றுவிட்டது.

கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் செய்முறைக்குப் போக முடியாது. நம் டர்பன் வீடுகளில் ஆட்டுக்கறிக் குழம்புக்கென்று தேடி வாங்குகிறோமே, ஓரம் கரைந்து குழம்பைக் குடித்துக்கொள்ளும் கிழங்கு, எல்லோரும் கிரேவி சோக்கர் என்று செல்லமாகச் சொல்வது, அதுவே இதற்கும் ஏற்றது. அப்-டு-டேட் என்ற பழைய ஸ்காட்லாந்து வகை கிடைத்தால் விடாதீர்கள். பெயர்தான் புதிது, வகை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இத்தகைய மாவுக் கிழங்கில் நீர் குறைவு, மாவுச்சத்து அதிகம். வழவழப்பான கிழங்கு சாலட்டுக்கு நன்றாயிருக்கும், ஆனால் இதற்கு ஆகாது. 10 கிலோ காகிதப் பையில் என்ன வகை என்று எழுதியிருக்காவிட்டால், 11 குவளைத் தண்ணீரில் ஒரு குவளை உப்பைக் கரைத்து ஒரு கிழங்கைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் அமர்ந்தால் மாவுக் கிழங்கு, மிதந்தால் வழவழப்பு வகை. விக்டோரியா தெருச் சந்தைக்கு உப்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. வீட்டில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

உள்ளங்கை நீளத்தில், 150 முதல் 200 கிராம் வரை எடையுள்ள ஆறு கிழங்குகளை எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் கால் மணி நேரம் விடுங்கள். முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இடங்களில் குத்தி, தட்டின் மேல் வைத்த கம்பி வலையில் அடுக்கி, 200 டிகிரி சூட்டில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை சுடுங்கள். மெல்லிய கத்தி தடையில்லாமல் நடுப்பகுதிவரை போக வேண்டும், தோல் சற்றுச் சுருங்கியிருக்க வேண்டும். எடுத்தவுடனே நீளவாக்கில் இரண்டாக வெட்டிவிடுங்கள். பலர் ஆறட்டும் என்று முழுதாக விடுவார்கள். அந்த நேரத்தில் உள்ளிருக்கும் ஆவி தோலுக்கே திரும்பி அதை நனைத்துவிடும். வெட்டி, பத்து நிமிடம் ஆவி போக விட்டு, பிறகு கரண்டியால் குடையுங்கள். குடைந்தெடுத்த கிழங்கு சமூசாவுக்கோ ரொட்டிக்குள் வைக்கும் மசாலாவுக்கோ ஆகும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் போட்டி அதிகம்.

அவசரம் இல்லையென்றால், குடைந்த ஓடுகளை மூடாமல் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். அங்குள்ள காற்று உலர்ந்தது. மேற்பரப்பு காய்ந்து, மாவுச்சத்து இறுகி, மறுநாள் ஓடு கையில் கெட்டியாக நிற்கும். இது சுட்ட கிழங்குக்கு மட்டும் பொருந்தும் விதி. பச்சைக் கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, சுடும்போது பொன்னிறமாவதற்குள் கருத்துவிடும்.

இரண்டாம் சூட்டுக்குத் தடவ வெண்ணெய் வேண்டாம், நெய் எடுங்கள். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவில் நீர் உண்டு. பால் திடப்பொருளும் இருப்பதால் அதிக சூட்டில் அது கருகும். நெய்யில் இவை இரண்டையும் ஏற்கெனவே காய்ச்சி எடுத்துவிட்டோம். நம் ஆயாக்கள் வாணலியில் நெய் உருக்கியபோது, சடசட என்ற ஓசை அடங்கும்வரை காத்திருந்தார்களே, அந்த ஓசை நீர் வெளியேறும் ஓசைதான். உருக்கிய நெய்யை உள்ளும் புறமும் மெல்லிதாகத் தடவி, உப்புத் தூவி, ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, தோல் மேலே இருக்கும்படி கவிழ்த்து 10 நிமிடமும், பிறகு திருப்பிக் குழி மேலே இருக்கும்படி 8 முதல் 10 நிமிடமும் சுடுங்கள். விசிறி வைத்த ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு ஓவனில் எரிதலாலேயே நீராவி உண்டாகும், ஆகவே இடையில் ஒருமுறை கதவைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். மிளகாய்த் தூளை முதலிலேயே நெய்யில் குழைக்காமல், திருப்பிப் போட்டபின் கடைசி மூன்று நிமிடத்தில் தூவினால் கசக்காது.

எனக்கும் ஒருமுறை இது கெட்டுப்போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை விருந்தினர் வந்திருக்க, 24 ஓடுகள் இரண்டாம் சுற்றில் இருந்தபோது, மின்வெட்டு அட்டவணையில் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஓவனில் சூடு இருக்கிறதே, அதிலேயே ஆகிவிடும் என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். விசிறியும் நின்று, ஆவி போக வழியில்லாமல், கண்ணாடிக் கதவின் உட்புறம் துளித்துளியாக வியர்த்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோதே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் முதல் சூட்டை முந்தின நாளே முடித்துக்கொள்கிறேன். இடையில் மின்சாரம் போனால் கதவை ஒரு மரக்கரண்டி இடுக்கித் திறந்து வைத்துவிடுகிறேன்.

வெளிக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் இருக்கும் என் நாத்தனார், நான் சொன்ன நேரத்தில் தனக்குக் கிழங்கு வேகவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிழங்கின் உட்பகுதியும் அதற்குமேல் சூடேறாது. முதல் சூட்டில் பத்து நிமிடம் கூட்டச் சொன்னேன், சரியாகிவிட்டது. ஆனால் அங்குள்ள குளிர்காலக் காற்று அவ்வளவு உலர்ந்தது, சுட்ட ஓடு நெடுநேரம் நொறுங்கும் பதத்திலேயே இருக்கும். நமக்கோ கடற்காற்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் டர்பனில் கால் மணி நேரத்தில் நமுத்துவிடும். எனவே விருந்தினர் வந்து அமர்ந்த பிறகே சீஸ் போட்டு ஓவனில் வையுங்கள்.

மேலே என்ன வைப்பது என்பது உங்கள் விருப்பம். அமெரிக்க உணவகங்களில் பன்றி இறைச்சித் துண்டுகளும் புளித்த கிரீமும் வைப்பார்கள். வெள்ளிக்கிழமையிலும் ஆடி மாதக் கஞ்சிப் பூசைக் காலத்திலும் சைவமாக இருக்கும் நம் வீடுகளுக்கு, சுகர் பீன்ஸ் கறியை நீர் வற்றும்வரை சுண்டவைத்து ஒரு கரண்டி வைத்து, செடார் சீஸைத் துருவிப் போட்டு, நான்கு நிமிடம் உருகவிட்டு, கொத்தமல்லித் தழை தூவினால் போதும். கறியில் குழம்பு நின்றால், இவ்வளவு நேரம் விரட்டிய நீரை நாமே திரும்ப ஊற்றியதாகிவிடும். புளித்த கிரீமுக்குப் பதில், கடையில் மாஸ் என்று விற்கும் புளித்த பாலை மெல்லிய துணியில் ஊற்றி ஓர் இரவு கட்டித் தொங்கவிட்டால், கெட்டித் தயிரை விட நன்றாக இருக்கும். அதில் உப்பும் பொடியாக அரிந்த பச்சை மிளகாயும் சேர்த்து, ஓட்டுக்குள் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தொட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

தோலைச் சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். நல்ல கிழங்கின் தோலைத் தாராளமாகச் சாப்பிடலாம், நார்ச்சத்து கிடைக்கும். சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது என்று சொல்வது மட்டும் மிகை. சி வைட்டமினும் பொட்டாசியமும் பெரும்பகுதி சதையில்தான் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது பச்சை நிறம். வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையான கிழங்கிலும் முளைவிட்ட கிழங்கிலும் சோலனின் போன்ற நச்சுப்பொருள்கள் கூடுகின்றன, அவை தோலிலும் முளைக்கண்களிலும்தான் திரள்கின்றன, ஓவன் சூட்டில் அவை அழிவதில்லை. குழம்புக்கானால் தோலைத் தடிமனாகச் சீவிவிட்டுச் சமாளிக்கலாம். தோலையே தின்னும் இந்தப் பண்டத்துக்கு அந்தக் கிழங்கு கூடவே கூடாது. வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள். காகிதப் பையின் வாயை மடித்து, காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில் வைத்தால் பச்சை பிடிக்காது.

மீந்த ஓடுகளை என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். குடைந்து முடித்து, நெய் தடவாத நிலையில் அவற்றை உறைபெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் உறையவைத்து, பிறகு பையில் போட்டுக்கொள்ளலாம். வேண்டும்போது பனி உருக விடாதீர்கள், உருகினால் ஈரம் கசியும். உறைந்தபடியே நெய் தடவி 220 டிகிரியில் வைத்து, நான் சொன்ன நேரத்தோடு ஐந்தாறு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், முதல் முறை தாளில் சுற்றியபோது கிடைத்த அதே துவண்ட தோல்தான் திரும்பவும் கிடைக்கும்.