ஃப்ளைவீல் குறியை நம்பி ஏமாந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் டிராக்டர் பழுதுபார்த்துக் கை பழகியவன் நான். பிறகு பேராக் ஆற்றங்கரையில் போட் மோட்டார், இன்றுவரை அதுதான்.

டைமிங், அதாவது மோட்டாரில் பொறி விழும் நேரம், என்றதும் பலருக்குப் பயம். பிள்ளையை ஊஞ்சலில் வைத்துத் தள்ளியிருப்பீர்கள். முந்தித் தள்ளினால் பலகை வந்து கையில் இடிக்கும். பிந்தினால் வேகமே ஏறாது. பிஸ்டனும் அப்படித்தான். அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி விழ வேண்டும், பெட்ரோல் எரிய நேரம் வேண்டுமல்லவா? ரொம்ப முந்தினால் பிஸ்டன் தலையே ஓட்டையாகும்.

ஒருமுறை கம்பத்து மீனவர் ஒருவரின் பழைய பாயிண்ட் மோட்டாரை, அதாவது பாயிண்ட் என்ற சின்ன முனைகள் விலகும்போது பொறி விழும் வகையை, பிரித்து, பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசாகப் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தார். "அண்ணே, கயிறு இழுத்தா கையைப் பிடுங்குது." பிளக் மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன். பாயிண்ட் இடைவெளியைத் தகடு விட்டு இரண்டு நாள் அளந்தேன். தண்டு முனையில் சுற்றும் கனத்த சக்கரம்தான் ஃப்ளைவீல்; பொறி விழும் இடத்தைக் காட்டும் அதன் குறியோ கச்சிதமாக நிற்கிறது!

கடைசியில் பிளக்கைக் கழற்றி, உள்ளே மெல்லிய குச்சியை விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். குச்சி உச்சிக்கு வந்த இடம் ஒன்று, குறி காட்டிய இடம் வேறு. ஃப்ளைவீலைக் கழற்றினால், உள்ளே இருக்கும் கீ என்ற உலோகத் துண்டு, அரை விரல்நகம் அளவுதான், பாதி அறுந்து படிக்கட்டு மாதிரி நிற்கிறது. அறுத்தது யார்? நானேதான். கூம்பு மாதிரி இருக்கும் தண்டு முனையில் எண்ணெய்க் கையோடு ஃப்ளைவீலை மாட்டியிருக்கிறேன். பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்புதான், கீ இடம் காட்ட மட்டும். துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். திரும்பச் சொல்கிறேன், காய்ந்த பிறகு. நட்டையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

அதோ, கண்ணாடிக்குப் பின்னால் தம்பி நேரமாயிற்று என்று கை காட்டுகிறார். ரன்னிங்-இன், அதாவது புது பிஸ்டன் போட்ட மோட்டாரை மெல்ல ஓட்டிப் பழக்குவது, அதைப் பற்றி அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். வழக்கமாக 50 லிட்டருக்கு 1 லிட்டர் எண்ணெய் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு முதல் 10 மணி நேரம் 25க்கு 1. புகை வரும், பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், பரவாயில்லை. முதல் 10 நிமிடம் மெதுவாக, அடுத்த 50 நிமிடம் பாதி வேகம், இரண்டாம் மணியில் முக்கால். அதற்குப் பிறகும் 10 மணி நேரம் முடியும்வரை முழு வேகத்தில் 5 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

கார்புரேட்டருக்கென்று ஒரு தாள் எழுதி வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. தண்ணீர் இல்லாமல் மட்டும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பம்பு ரப்பர் போய்விடும். வணக்கம்.