சித்திரையில் தக்காளிப் பூ உதிர்கிறது, மார்கழியில் மல்லி பூப்பதில்லை: ஏன்?

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மாடியில் வைத்த தக்காளி சித்திரையில் பூத்துப் பூத்து உதிர்கிறதாம். மல்லியோ மார்கழியில் மொட்டே வைப்பதில்லையாம். உரம் போட்டும் பயனில்லை, என்ன செய்வது என்கிறார்.

அக்கா, முதலில் உரத்தை நிறுத்துங்கள். இரண்டு செடிக்கும் பசி இல்லை. தக்காளிக்கு வெக்கை ஆகவில்லை, மல்லிக்குப் பனி ஆகவில்லை.

பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். கருக்கட்டாத பூவைச் செடியே உதிர்த்துவிடும். பகல் வெயிலை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறோம். ராத்திரியும் ஓரளவு குளிர வேண்டும். சித்திரை மாதத்து மதுரையில் ராத்திரியும் 26, 27 டிகிரிதான், அப்புறம் எப்படிக் காய் பிடிக்கும்? தக்காளியை ஐப்பசி வாக்கில் நடுங்கள், தை, மாசியில் பறிக்கலாம். கோடைக்கு வெண்டை, கொத்தவரை வையுங்கள், அவை தாங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதனால்தான் நிறையச் செடிகள் சாகின்றன. மத்தியானம் இலை தொய்ந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை வெளியே விடும் ஈரத்தின் வேகத்துக்கு வேரால் உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கும்போதே மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். மறுநாள் காலையிலும் தொய்ந்தே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாடித் தளத்தின் சூடு தொட்டி வழியாக வேரைத் தாக்கும். தொட்டிக்கு அடியில் செங்கல் வையுங்கள், மண்மேல் சருகைப் பரப்புங்கள், மேலே நிழல்வலை கட்டுங்கள்.

சரி, மல்லிக்கு வருவோம். கொடைக்கானல் உறைபனி மாதிரி இலைக்குள் இருக்கும் நீரே உறைந்து கருகும் நிலை நமக்கு இல்லை. ஆனால் மல்லிக்கு ராத்திரி 20 டிகிரியே சில்லிப்புதான். பூ வருவது புதுத் தளிரில், அந்தச் சமயத்தில் தளிர் விடுவது மந்தமாகிவிடும். தை மாதம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி விலை ஏறுவதற்கும் இதுதான் காரணம். கார்த்திகையில் முழங்கால் உயரம் விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டி (கவாத்து செய்து), அப்போது தொழுவுரம் வையுங்கள். பங்குனியில் பூக்கத் தொடங்கும்.