டெல்லி – டோக்கியோ: போகவா, திரும்பவா?

வணக்கம் நேயர்களே.

விமானங்களுக்குப் பாதை போட்டுக்கொடுக்கும் டெஸ்பாட்ச் வேலையில் இருந்தவன் நான். டெல்லியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால், தூரத்தை உடனே சொல்லிவிடுவேன். இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 5,860 கிலோமீட்டர். நேரத்துக்கு மட்டும் ஒரு எதிர்க்கேள்வி போடுவேன்: போகவா, திரும்பவா?

டிக்கெட்டைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரவு 8 மணிக்கு டெல்லியில் கிளம்பி, மறுநாள் காலை 7.10க்கு டோக்கியோவில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பதினொரு மணி நேரம் போலத் தெரியும். ஆனால் ஜப்பான் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் ஏழு மணி நாற்பது நிமிடம்தான். திரும்பும்போது அங்கே காலை 11க்கு ஏறினால் டெல்லியில் மாலை 5.10. அட, ஆறு மணி நேரத்தில் வந்துவிட்டோமே என்று தோன்றும். மூன்றரையைக் கூட்டிப் பாருங்கள்: ஒன்பது மணி நாற்பது நிமிடம்!

அதே விமானம், அதே தூரம். இரண்டு மணி நேரம் எங்கே போனது? காற்றில்தான். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அறையும்.

இதை 1920களிலேயே அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓய்ஷி. டாடேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கியால் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். உலகம் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே உலகம் படிக்கவில்லை! 1944இல் டோக்கியோ மீது குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானிகள், அந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறியபோதுதான் அதன் பலத்தை உணர்ந்தார்கள்.

இன்னொன்று, நான் சொன்ன 5,860 கூட விமானம் உண்மையில் பறக்கும் தூரமல்ல. உலக உருண்டையில் இரு ஊருக்கும் நடுவே நூலைப் பிடித்தால் அது இமயத்தைத் தாண்டித் திபெத் மேல் போகும். அங்கே தரையே பெரும்பாலும் 14,000 அடிக்கு மேல். கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் முகமூடி இல்லாமலே மூச்சுவிட முடிகிற 10,000 அடிக்கு விமானி இறங்கியாக வேண்டும். பல விமானங்களில் பயணிகளின் முகமூடியில் ஆக்ஸிஜன் கால் மணி நேரத்துக்கு மேல் வராது. இறங்க இடமில்லாத வழி எதற்கு? அதனால் மியான்மர் பக்கமாகப் போய்ச் சீனாவுக்குள் திரும்புவதே வழக்கம்.

குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசியில் தொடங்கும். டோக்கியோவிலிருந்து வந்து டெல்லியில் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள், குளிர்கால எதிர்க்காற்றில் பயணம் நீளும் என்பதால், கோடையில் பார்த்த நேரத்தை நம்பாமல் புதிய அட்டவணையைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். வணக்கம்.