கொடுக்குக்குள் ஒரு காவல்: தேள் நஞ்சின் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்தைட்டுகள்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேளிடம் கொட்டு வாங்கியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அங்கு காணப்படும் செந்தேளின் நஞ்சு நரம்புக் கலங்களின் சோடியம் கால்வாய்களை, அதாவது சோடியம் அயன்கள் உட்புகும் வாயில்களை, சரிவர மூடவிடாமல் தடுத்து, இதயத்தையும் குருதியமுக்கத்தையும் நிலைகுலையச் செய்கிறது. அதற்குப் பிரசோசின் என்னும் மருந்து கைகொடுக்கும் என்பதை மகாராட்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் பவாஸ்கர் 1980களில் எடுத்துக்காட்டினார். தேள் நஞ்சைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த நரம்பு நச்சுகளோடு நின்றுவிடுகிறது. நான் இன்று பேச வந்தது, அதே நஞ்சுத் துளிக்குள் இருந்துகொண்டு பற்றீரியாக்களையும் பங்கசுகளையும் சில ஒட்டுண்ணிகளையும் கொல்லுகின்ற சிறிய பெப்தைட்டுகளைப் பற்றியாகும். இவற்றால் தேளுக்கு என்ன பயன் என்று கேட்பதற்கு முன்பே நமக்கு என்ன பயன் என்று கேட்டுவிடுகிறோம். இத்துறையின் ஏமாற்றங்கள் பலவற்றுக்கு அந்த அவசரமே காரணம் என்பது என் கருத்து.

பெப்தைட்டு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. மடகாஸ்கர் தேளொன்றிலிருந்து பிரிக்கப்பட்ட பெப்தைட்டில் 13 அமினோ அமிலங்களே உள்ளன; மேற்கு ஆபிரிக்காவின் பேரரசுத் தேளில் கிடைத்த பாண்டினின் 1 என்பதில் 44 உள்ளன. இந்த வகையைச் சேர்ந்த பல பெப்தைட்டுகள் நீரில் ஒழுங்கற்றுக் கிடந்து, கலமென்சவ்வைத் தொட்டதும் சுருளாக மடிகின்றன. அச்சுருளின் ஒரு பக்கம் நேரேற்றம் கொண்டது. மறுபக்கம் நீரை வெறுத்துக் கொழுப்பை நாடுவது. பற்றீரியாவின் மென்சவ்வில் மறையேற்றம் கொண்ட இலிப்பிட்டுகள் என்னும் கொழுப்புப் பொருட்கள் நிறைந்திருப்பதால் பெப்தைட்டு அதனால் ஈர்க்கப்பட்டு, கொழுப்பை நாடும் பக்கத்தை உள்ளே செலுத்தி, துளையிட்டோ மேற்பரப்பில் பரவியோ மென்சவ்வைக் குலைக்கிறது. அயன்கள் கசிந்து, சில நிமிடங்களிலேயே பற்றீரியா இறந்துவிடக்கூடும். நம்முடைய கலங்களின் மென்சவ்வின் வெளிப்புறமோ பெரும்பாலும் ஏற்றமின்றி நடுநிலையானது. கொலஸ்திரோலும் அதற்கு உறுதி சேர்க்கிறது. பெனிசிலின் போன்ற அன்ரிபயோட்டிக்குகள் குறிப்பிட்ட சில நொதியங்களையே குறிவைப்பதால், அந்த நொதியத்தை மாற்றியோ மருந்தையே சிதைத்தோ பற்றீரியா தப்பிவிடுகிறது. மென்சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது அதைவிடக் கடினம். கடினம் என்றுதான் சொல்கிறேன். தன் மேற்பரப்பின் ஏற்றத்தைக் குறைத்துக்கொண்டு தப்பும் பற்றீரியாக்களும் உண்டு.

சரி, கொட்டிக் கொல்லத் தெரிந்த ஓர் உயிருக்கு இவை எதற்கு? தேளின் கொடுக்கு வெளியுலகுக்குத் திறந்த ஒரு குழாய். கிருமிகள் மொய்த்த இரைகளின் உடலுக்குள் அது மீண்டும் மீண்டும் நுழைந்து வெளிவருகிறது. அதன் பின்னால் உள்ள சுரப்பியிலோ புரதம் நிறைந்த திரவம் தேங்கியிருக்கிறது. காவலின்றி விட்டால் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. சீனத் தேளொன்றின் நஞ்சுச் சுரப்பியைப் பற்றீரியாவுக்கு உட்படுத்தியபோது இத்தகைய பெப்தைட்டுகளுக்கான மரபணுக்களின் செயற்பாடு உயர்ந்ததை 2007இல் ஆய்வாளர்கள் காட்டினர். சுரப்பி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பணியும் இவற்றுக்கு உண்டென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்: இரையின் நரம்பு, தசைக் கலங்களின் மென்சவ்வையும் இவை குலைப்பதால், நரம்பு நச்சின் வேலை எளிதாகிறது.

நச்சும் காவலும் வேறு வேறு குலத்தவை அல்ல என்பதற்குக் கூர்ப்பு வரலாறும் சான்று தருகிறது. சகாராத் தேளொன்றின் நஞ்சிலிருந்தல்ல, அதன் குருதியிலிருந்தே, 25 அமினோ அமிலங்கள் கொண்ட அன்ட்ரொக்டோனின் 1996இல் பிரிக்கப்பட்டது. டிஃபென்சின் எனப்படும் வேறொரு வகைக் காவற் பெப்தைட்டுகள் பூச்சிகளிலும் தேள்களிலும் உள்ளன. அவற்றின் அடிப்படை மடிப்பும், பொற்றாசியம் கால்வாய்களை அடைக்கும் தேள் நச்சுகளின் மடிப்பும் ஒன்றே. பூச்சி டிஃபென்சின் ஒன்றின் வளையத்தைச் சிறிதளவு நீக்கியதும் அது கால்வாயை அடைக்கும் நச்சாக மாறியதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடலைக் காத்த மூலக்கூறு, சிறியதொரு திருத்தத்தால் வேட்டைக்கருவியாகக் கூடும் என்பதை ஆய்வுகூடத்திலேயே கண்டது பெரிய செய்தி.

இனி மருத்துவத்துக்கு வருவோம். வழமையான மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே இப்பெப்தைட்டுகள் மீது கண் விழுவது இயல்பே. இலங்கையிலும் வாழும் ஐசொமெட்ரஸ் மக்குலேட்டஸ் என்ற சிறு தேளினத்தின் நஞ்சிலிருந்து சீன ஆய்வாளர்கள் 2009இல் அறிவித்த இம்குரோபோரின், 17 அமினோ அமிலங்களைக் கொண்டது. மெதிசிலின் என்னும் அன்ரிபயோட்டிக்குக்கு அடங்காத ஸ்டஃபிலொகொக்கஸ் பற்றீரியாவை அது கொன்றது. தொற்றுக்குள்ளான எலிகளையும் குணமாக்கியது. ஆயினும் எலியிலிருந்து வைத்தியசாலைப் படுக்கை வரை நெடுந்தூரம் உண்டு. இவ்வகைப் பெப்தைட்டுகள் பல, செறிவு கூடும்போது செங்குழியங்களையும் உடைக்கின்றன. குருதியிலுள்ள நொதியங்கள் அவற்றை விரைவில் சிதைக்கின்றன. தயாரிப்புச் செலவும் அதிகம். இரையின் கலங்களையும் குலைப்பது இவற்றின் பணிகளுள் ஒன்றாயின், நம் கலங்களை இவை முற்றாக விட்டுவைக்கும் என்று எதிர்பார்ப்பதே பிழை. தேள் நஞ்சையே மருந்தென்று விற்பவர்களிடம் யாரும் ஏமாறக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அதனாற்றான் ஸ்கோர்பைன் பற்றிய ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். பேரரசுத் தேளின் நஞ்சிலிருந்து 2000ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட இந்த 75 அமினோ அமிலச் சங்கிலி, பற்றீரியாவை மட்டுமன்றி மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் குடலில் எடுக்கும் வடிவங்களையும் தாக்குகிறது. ஆய்வாளர்கள் இதனை நோயாளியின் நாளத்தில் ஏற்ற முயலவில்லை. நுளம்பைத் தொற்றும் பங்கசு ஒன்றின் மரபணுத் தொகுதியில் ஸ்கோர்பைனை இன்னொரு பெப்தைட்டுடன் இணைத்துச் சேர்த்தார்கள். அந்தப் பங்கசு தொற்றிய நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை 98 சதவீதம் குறைந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டாலும், அந்நோயைப் பரப்பும் நுளம்பினங்கள் இன்னும் நம்முடன்தான் வாழ்கின்றன. மனிதக் குருதியைத் தொடாமல், நுளம்பின் உடலுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும் இந்த வழியில், செங்குழியங்கள் உடையுமோ என்ற கேள்வி எழவே இல்லை.